வரப்பு மரத்துக்கு வரும் காசு

மானூர், ஆலங்குளம், நாங்குநேரி, களக்காடு, இராதாபுரம் பக்கத்து மானாவாரிச் சம்சாரிமார்களுக்கும், கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய்க் கடைமடைக்காரர்களுக்கும், மகளிர் குழுக்களில் இருக்கும் அக்கா தங்கச்சிமார்களுக்கும்,



மரம் நட்டால் வெளிநாட்டுக் கம்பெனி காசு தருமாமே என்ற பேச்சு இப்போது நம் பக்கம் நன்றாகவே பரவிவிட்டது. மேலப்பாளையம் ஆட்டுச்சந்தையில் பேசுகிறார்கள், உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக் கூட்டங்களில் பேசுகிறார்கள். ஏக்கருக்கு லட்சம் வரும் என்று ஒருவர் சொன்னால், எல்லாம் நிலத்தைப் பிடுங்கும் தந்திரம் என்று பக்கத்தில் நிற்பவர் சொல்கிறார். இருவருமே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. அந்தக் கணக்கை உங்கள் முன்னால் வைக்கத்தான் இந்த மடல். என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்பன் காசு சிறிய காசு. ஆனால் அது வருகிற நேரமும் வருகிற விதமும் சரியாக அமைந்தால், இரண்டு ஏக்கர் மூன்று ஏக்கர் புஞ்சை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது உண்மையாகவே கைகொடுக்கும். அப்படி அமைவதும் அமையாமல் போவதும் நீங்கள் தனித்தனியாகக் கையெழுத்துப் போடுகிறீர்களா, குழுவாக நின்று பேசுகிறீர்களா என்பதைப் பொறுத்தது.

முதலில், விற்பது என்ன? மரம் வளரும்போது காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். ஒரு கிலோ கார்பன் மரத்தில் சேர்ந்தால், காற்றிலிருந்து சுமார் 3.67 கிலோ கரியமில வாயு குறைந்தது என்று பொருள். இப்படி ஒரு டன் வாயுவை இழுத்து வைத்ததற்கான சான்றுதான் ஒரு கார்பன் கிரெடிட். புகை கக்கும் தொழிற்சாலையோ விமானக் கம்பெனியோ தன் கணக்கை நேர்செய்ய அதை வாங்குகிறது. வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு, பிளான் விவோ போன்ற அமைப்புகள் அந்தச் சான்றுக்கு விதிமுறை வகுக்கின்றன. மார்பு உயரத்தில் டேப் வைத்துச் சுற்றளவு எடுத்து, மர இனத்துக்குரிய சூத்திரத்தில் போட்டால் எடை தெரியும். இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளை செய்துவிடும் வேலை.

நம் நிலத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். சதுரமான இரண்டு ஏக்கர் நிலத்தின் சுற்று வரப்பு ஏறத்தாழ 360 மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒரு கன்று வைத்தால் 120 கன்று. வெள்ளாடு கடித்தது, வெயிலில் காய்ந்தது எல்லாம் போக 100 மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது வருஷத்தில் ஒவ்வொரு மரமும் வேரோடு சேர்த்துக் காய்ந்த எடையில் 300 கிலோ தேறினால், அதில் கார்பன் 150 கிலோ. வாயுக் கணக்கில் 550 கிலோ. நூறு மரத்துக்கு 55 டன். வருஷத்துக்கு இரண்டே முக்கால் டன். டன்னுக்கு 800 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு விலை வைத்தால் வருஷம் 2,200 ரூபாய். அளக்கிறவர், சரிபார்க்கிறவர், பதிவுக் கட்டணம் எல்லாம் கழிந்து சம்சாரி கைக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு வரலாம். இதுவும் கரிசலிலோ கால்வாய்ப் பக்கத்து நல்ல மண்ணிலோதான். இராதாபுரத்துச் செம்மண்ணில், வானம் பார்த்த காட்டில், இதில் பாதி வளர்ந்தாலே பெரிது.

ஏக்கருக்கு லட்சம் என்று சொல்கிறவரிடம் இந்தக் கணக்கை நீட்டுங்கள். டன் எத்தனை, விலை எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று நான்கு எண்களைக் கேளுங்கள். நான்கையும் சொல்ல முடியாதவரோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ஆயிரம் ரூபாய்க்காக இவ்வளவு பாடா என்று உடனே தோன்றும். மரம் வைக்க நம் ஆட்கள் தயங்குவது ஏன் என்பதை யோசித்தால் அந்த ஆயிரத்தின் மதிப்பு தெரியும். வேம்பும் புங்கும் வாகையும் பூவரசும் நல்லவை என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். தடை காலம்தான். புரட்டாசியில் விதைத்த உளுந்து தையில் காசாகிறது. மலைவேம்புக்கு ஏழெட்டு வருஷம், குமிழுக்குப் பத்து, தேக்குக்கு இருபதுக்கு மேல். அந்த இடைவெளியில் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் வரும், கிணறு தூர்ந்துபோகும், கூட்டுறவுச் சங்கத்துக் கடன் தவணை வரும். பாதி வளர்ந்த மரத்தை விறகு வியாபாரிக்கு வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். இன்னும் ஐந்து வருஷம் நின்றிருந்தால் நாலு மடங்கு போயிருக்கும் மரம் அது. மரத்தை நிற்கவைக்கும் அளவுக்கு, அது நிற்கிற ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு தொகை வந்தால் போதும். கார்பன் காசின் உண்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். தடிமரத்தின் விலைதான் வருமானம். கார்பன் காசு அதுவரைக்கும் தாங்கிப் பிடிக்கும் கைச்செலவு.

இதை வேறொரு நாட்டில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1999-ல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டான்சானியா நாட்டில், மப்வாப்வா என்ற வறண்ட பகுதியில், திஸ்ட் என்ற திட்டம் தொடங்கியது. அடிக்கடி மழை பொய்க்கும் அந்தச் சீமையில் சின்னச் சம்சாரிகள் குழுவாகச் சேர்ந்தார்கள். ஒரு குழுவில் ஆறு முதல் பன்னிரண்டு பேர். தங்கள் சொந்த நிலத்தில், தாங்களே தேர்ந்த மரங்களை நட்டார்கள். உயிரோடு நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வருஷத்துக்கு இரண்டு அமெரிக்க சென்ட், அதாவது நம் காசில் ஒன்றரை ரூபாய் சொச்சம், முன்பணமாகக் கிடைத்தது. பின்னால் கிரெடிட் விற்கும்போது லாபத்தில் 70 சதவீதம் சம்சாரிகளுக்கு என்பது ஒப்பந்தம். அங்கிருந்து கென்யா, உகாண்டா என்று பரவி, இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சம்சாரிகள் அதில் இருக்கிறார்கள். 2000-களின் தொடக்க ஆண்டுகளிலேயே நம் தமிழ்நாட்டுக்கும் அது வந்தது.

ஒன்றரை ரூபாயைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அந்தத் திட்டத்தில் நான் மதிப்பது அந்தத் தொகையைச் சுற்றிக் கட்டிய ஏற்பாட்டை. மரம் சம்சாரிக்குச் சொந்தம். பழம், தழை, காய்ந்த சுள்ளி, பட்டுப்போன மரம் எல்லாம் அவருக்கே. கம்பெனிக்கு விற்பது மரம் இழுத்து வைத்த வாயுவின் கணக்கை மட்டும்தான். மரங்களை எண்ணவும் சுற்றளவு எடுக்கவும் உள்ளூர் இளைஞர்களையே பழக்கினார்கள். கையடக்கக் கருவியோடு அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பதிவு செய்கிறார்கள். குழுவின் தலைமை ஒருவரிடமே தங்காது, முறைவைத்து மாறிவரும். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், அன்று தலைமை ஏற்றவர் எதை நன்றாகச் செய்தார் என்று உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் வாய்திறந்து சொல்ல வேண்டும். குஜெங்கானா என்று இந்த வழக்கத்துக்கு சுவாஹிலி மொழியில் பெயர். கூட்டத்தில் வாயே திறக்காத பெண்கள் இதனால் பேசத் தொடங்கினார்கள், தலைவியாகவும் ஆனார்கள்.

நம் மகளிர் குழு அக்காமார்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. வாரக் கூட்டம், தீர்மானப் புத்தகம், வரவு செலவு, கடன் பொறுப்பு எல்லாம் முப்பது வருஷமாக நீங்கள் பார்த்துவரும் வேலை. மரக் கணக்கு என்று ஒரு புத்தகம் அதோடு சேரும், அவ்வளவுதான். ஆப்பிரிக்காவில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்த ஒன்று நம் ஊர்களில் ஏற்கெனவே கட்டி நிற்கிறது.

இனி, காசுக் கணக்கில் ஏறாத நன்மைகள். நம் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வைகாசி தொடங்கி ஆவணி வரை அடிக்கும் காற்று பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் காடுகளில் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகிறது. களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கம் குலைதள்ளிய ஏத்தன் வாழை ஒரே ராத்திரியில் முறிந்து கிடப்பதை நாம் வருஷந்தோறும் பார்க்கிறோம். வாழைக்குக் காற்றுத் தடுப்பாக வைப்பதற்கென்றே கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் சவுக்கு ரகங்களை வெளியிட்டிருக்கிறது. காற்று வரும் பக்கம் நெருக்கமாக இரண்டு வரிசை நின்றால் வாழை தப்பும், மண் தப்பும், ஈரமும் கொஞ்சம் நிற்கும். அந்தத் தடுப்புக்கே கார்பன் காசும் வருமென்றால், வாழைக்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

காற்று என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். கார்பன் காசு நம் மாவட்டத்துக்குப் புதிது என்று பலரும் நினைக்கிறோம். முப்பந்தலிலிருந்து பணகுடி, இராதாபுரம் வரை நிற்கும் காற்றாலைகளைப் பாருங்கள். கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய்மை வளர்ச்சி முறையில் தமிழ்நாட்டின் காற்றாலைகள் பல கார்பன் கிரெடிட்டுக்காகப் பதிவாயின. நூற்பாலைகளின் சங்கமான டாஸ்மா தன் உறுப்பினர்களின் காற்றாலைகளை ஒரே கட்டாகச் சேர்த்துப் பதிவு செய்தது. சிதறிக் கிடந்த ஆலைக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் பதிவுச் செலவு அவர்களுக்குக் கட்டுபடியானது. காற்று நம் காற்று, நிலம் ஒருகாலத்தில் நம் ஆட்களின் நிலம், கார்பன் காசோ இயந்திரத்துக்கு உடைமைக்காரராக இருந்தவருக்குப் போனது. அவர்கள்மேல் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. முதல் போட்டவர் அவர்கள், விதியும் அப்படித்தான். ஆனால் மர விஷயத்தில் வாயுவை இழுக்கிற இயந்திரம் உங்கள் வரப்பில் நிற்கும் மரமே. அதன் உடைமைக்காரர் நீங்கள். இந்தத் தடவை அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். டாஸ்மா செய்ததுபோல் ஒரு கட்டாகச் சேருங்கள்.

சேர வேண்டியதன் காரணம் எளிது. ஒரு திட்டத்தைப் பதிவு செய்ய, வெளித் தணிக்கையாளரைக் கூப்பிட ஆகும் செலவில் பெரும்பகுதி, மரம் குறைவாக இருந்தாலும் ஆகும், நிறைய இருந்தாலும் ஆகும். தனியாள் தாங்க மாட்டார். உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள், ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்புகள் இருக்கின்றன. அவற்றின் பெயரில் ஒப்பந்தம் போனால், எதிரில் உட்கார்ந்து பேசுகிறவருக்கும் மரியாதையாகப் பேசத் தோன்றும்.

பெண்களுக்கு இதில் தனியாக ஒரு பங்கு இருக்கிறது. முக்கூடல், ஆலங்குளம், பொட்டல்புதூர்ப் பக்கம் பீடித் தட்டை மடியில் வைத்தே இடுப்பு ஒடிந்துபோன அக்காமார் எத்தனை பேர்! ஒரு ஊராட்சிக்கு இருபதாயிரம் கன்று வேண்டுமென்றால், அதை வெளியிலிருந்து லாரியில் இறக்குவதைவிடக் குழுவே நாற்றங்கால் போடுவது மேல். வேப்பங்கொட்டை ஆனி ஆடியில் நம் தெருவிலேயே உதிர்கிறது. அதை உடனே விதைக்க வேண்டும், வைத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும். புங்கு, நாவல், இலுப்பை, நீர்மருது விதைகள் தாமிரபரணிக் கரையில் பொறுக்கக் கிடைக்கின்றன. உள்ளூர் விதையில் முளைத்த கன்று உள்ளூர்க் காற்றைத் தாங்கும். விறகுக்காக உடங்காட்டுக்குள் மைல் கணக்கில் நடப்பதும் நாலைந்து வருஷத்தில் குறையும். கிளை கழித்தாலே அடுப்புக்குப் போதும். ஆடு வைத்திருப்பவர்களுக்கு வாகை, வேம்பு, ஆச்சா தழையும் கருவேல் நெற்றும் கோடையில் தீவனம்.

ஆடு என்றதும் கிடைக்காரர்களை மறக்கக் கூடாது. அறுவடை முடிந்த காட்டில் கிடை போடுவது நம் பக்கத்துப் பழைய உறவு. நிலத்துக்கு எரு, ஆட்டுக்கு மேய்ச்சல். வரப்பில் கன்று வைத்துவிட்டு, ஆடே வரக்கூடாது என்று வேலி போட்டால் அந்த உறவு அறும், நிலமும் எரு இழக்கும். முதல் மூன்று வருஷம் கன்றுக்கு மட்டும் முள் கட்டுங்கள். காட்டை அடைக்காதீர்கள். மரம் ஆளுயரம் தாண்டினால் ஆடு பிறகு அதற்கு எதிரியல்ல.

இப்போது எச்சரிக்கைகளுக்கு வருகிறேன். இதில்தான் அதிக நேரம் செலவிட விரும்புகிறேன்.

இந்தியாவில் மரம் நடும் கார்பன் திட்டம் முதன்முதலாகப் பதிவானது 2009-ல், அரியானாவின் சிர்சா மாவட்டத்தில். நம் சாத்தான்குளம், திசையன்விளைத் தேரிகள்போல மணல் நகர்ந்து நகர்ந்து வயலை மூடும் நிலம் அது. எட்டு கிராமங்களில் 227 சம்சாரிகள் கூட்டுறவாகச் சேர்ந்து சுமார் 370 ஹெக்டேரில் மரம் வைத்தார்கள். முன்மாதிரியான வேலை. ஆனால் அந்தக் காலத்து விதிப்படி மரத்துக்குக் கிடைத்தது தற்காலிகக் கிரெடிட்தான், குறித்த காலத்தில் காலாவதியாகிவிடும். அன்றைய மிகப்பெரிய சந்தையான ஐரோப்பிய ஒன்றியம் மரக் கிரெடிட்டை வாங்கவே அனுமதிக்கவில்லை. போதாக்குறைக்கு 2012 வாக்கில் தூய்மை வளர்ச்சி முறைக் கிரெடிட்டுகள் எல்லாவற்றின் விலையும் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. மரம் நன்றாக வளர்ந்தும் சந்தை காலை வாரிவிடலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சந்தையின் குணம் நமக்குத் தெரியாததா? நம் புஞ்சையில் விளையும் நிலாவரை இலைக்கு உலக மருந்து ஏடுகளில் திருநெல்வேலி சென்னா என்றே பெயர். நூற்றாண்டுக்கு மேலாகத் தூத்துக்குடியில் கப்பலேறுகிறது. எந்த நாட்டில் யார் வாங்குகிறார், ஏன் இந்த வருஷம் விலை விழுந்தது என்பது விளைவித்தவருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. கார்பனும் அதேபோலத் தூரத்துச் சந்தை. இலையையாவது மூட்டை கட்டி எடை போட்டுக் கண்ணால் பார்க்கலாம். கார்பன் தாளில் மட்டும்தான் இருக்கும். ஆகவே அந்தத் தாள் உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும். உங்கள் மரங்களின் எண்ணிக்கை, சுற்றளவு, வழங்கப்பட்ட கிரெடிட், விற்ற விலை இவை நான்கும் வருஷந்தோறும் தமிழில் எழுதிக் குழுவின் புத்தகத்தில் ஒட்டப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தத்தின் காலம் அடுத்தது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் என்று கேட்பார்கள். வாயு திரும்பக் காற்றுக்குப் போகக்கூடாது என்பது இந்த வாணிபத்தின் அடிப்படை, ஆகவே கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாற்பது வருஷம் என்பது உங்கள் மகன், மகள் காலம். இடையில் நிலத்தை விற்க நேர்ந்தால் என்ன ஆகும்? பாகப்பிரிவினை வந்தால்? மகள் கல்யாணத்துக்கு நாலு மரம் வெட்டினால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? முறைவைத்து வெட்டி, வெட்டிய இடத்தில் மறு கன்று வைக்க அனுமதி உண்டா? வெட்டுச் சுழற்சியையும் சேர்த்துக் கணக்கிடும் முறைகள் இருக்கின்றன. அதை முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும். எந்த மரத்தையும் எந்நாளும் தொடக்கூடாது என்ற வாசகம் இருந்தால், அந்தத் தாளில் கையெழுத்து வேண்டாம் என்பதே என் வார்த்தை. புயலும் வெள்ளமும் வந்தால் யார் பொறுப்பு என்பதும் அப்படியே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் தாமிரபரணி கரை புரண்டதும் நமக்கு மறக்காது. பதிவு அமைப்புகள் கிரெடிட்டில் ஒரு பங்கைப் பொதுக் காப்பாக ஒதுக்கி வைப்பது இப்படிப்பட்ட அழிவுக்காகத்தான். ஆகவே வெள்ளத்தில் போன மரத்துக்குச் சம்சாரி தண்டம் கட்டத் தேவையில்லை என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

பட்டா விஷயம் நம் பக்கத்தில் பெரிய சிக்கல். பாதிப் புஞ்சை இன்னும் தாத்தா பெயரில் கிடக்கிறது, கூட்டுப்பட்டாவில் ஆறு பங்காளிகள். உழுகிறவர் ஒருவர், பட்டாவில் பெயர் இருப்பவர் சென்னையில் இன்னொருவர். தாமிரபரணிப் பாசனத்தில் கோயில், மடத்து நிலங்களைக் குத்தகைக்குப் பயிர் செய்யும் குடும்பங்கள் எத்தனையோ. குத்தகைதாரர் வரப்பில் கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தால் காசு நிலத்தின் உடைமைக்காரருக்குப் போய்விடும். மரம் வளர்த்த கைக்கும் பங்கு உண்டு என்று நில உடைமைக்காரரிடமிருந்து எழுத்தில் வாங்காமல் குத்தகைதாரர்கள் இதில் இறங்க வேண்டாம். நிலம் கணவர் பெயரில் இருந்தாலும் கார்பன் காசு வரும் வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று குழு தீர்மானம் போடலாம். கன்றுக்குத் தண்ணீர் சுமக்கிறவள் மனைவிதானே.

எந்த மரம் என்பதில் நம் விருப்பம் நடக்க வேண்டும். சீக்கிரம் எடை ஏறும் மரத்தைத்தான் கம்பெனி கேட்கும். அதற்காக நஞ்சையில் தைல மரமா? பிசானம் விளையும் வயலில் மரத் தோப்பு வேண்டவே வேண்டாம். குளத்துக்கு வரும் ஓடையை மறித்தும், குளத்துக்குள்ளும் நடக்கூடாது. பனை மெதுவாகத்தான் வளரும், கார்பன் கணக்கில் அதற்குப் பெரிய இடம் கிடையாது. அதனால் பனையைச் சாய்த்துவிட்டு வேறு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் துரத்திவிடுங்கள். மாவட்ட ஆட்சியரின் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021-லேயே அரசு சொல்லிவிட்டது. உடை மரத்தையும் அப்படிச் சாய்க்க விடாதீர்கள். குடை விரித்தாற்போல் நிற்கும் உடை நம் வறண்ட காட்டு மரம், அதைக் கரிமூட்டத்துக்குக் கொடுத்துவிட்டு அயல் மரம் வைப்பதில் லாபம் இல்லை. இன்னொரு விதியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரம் நடும் திட்டங்களில் ஏற்கெனவே நிற்கிற மரத்துக்குக் கார்பன் காசு கிடையாது, புதிதாக நட்டதற்கு மட்டுமே. இயற்கையாக நின்ற காட்டை அழித்துவிட்டு நட்டால் அந்த நிலமே தகுதி இழக்கும். சீமைக்கருவேலை வேரோடு எடுத்த தரிசில் நடுவதுதான் எல்லா வகையிலும் தோதானது.

அரசு தரும் உதவியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2021-ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்த நீடித்த பசுமைப் போர்வைத் திட்டத்தில் கன்றுகள் இலவசம். உழவன் செயலியில் பதியலாம். உயிரோடு நிற்கும் கன்றுக்கு இரண்டாம் வருஷம் முதல் நான்காம் வருஷம் வரை ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. நூறு கன்றுக்கு 700 ரூபாய். கார்பன் கிரெடிட்டில் முதல் ஐந்து வருஷம் பெரிதாக எதுவும் தேறாது, மரம் அப்போதுதானே எடை ஏறத் தொடங்கும். ஆக, தொடக்க வருஷங்களுக்கு அரசின் ஏழு ரூபாய், பிறகு கார்பன், கடைசியில் தடிமரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கலாம். இந்த வருஷத்து ஒதுக்கீடு எவ்வளவு என்று வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு காசு வாங்கிய மரத்தைக் கார்பன் கணக்கில் சேர்க்கலாமா என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். கார்பன் காசு இல்லாமலே நட்டிருப்பார்களா என்று தணிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வெட்டும் உரிமை பற்றி ஒரு வார்த்தை. சந்தனம், தேக்கு போன்றவற்றை வைக்கிறவர்கள் வெட்டவோ ஏற்றிச் செல்லவோ வனத்துறை அனுமதி வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்தே வைக்க வேண்டும். 2014-ல் உலகத்திலேயே முதலாவதாக வேளாண் காடுகளுக்கு ஒரு தேசியக் கொள்கை கொண்டுவந்த நாடு நம் நாடு. ஆனாலும் தன் நிலத்து மரத்தை வெட்டச் சம்சாரி அலைந்துகொண்டுதான் இருந்தார். 2025 ஜூனில் மத்திய அரசு விளைநில மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறது. மரத்தைப் பதிவு செய்துவைத்தால் பிறகு வெட்டுவது எளிது என்பது அதன் போக்கு. நடும்போதே பதிந்துவைப்பது கார்பனுக்கும் உதவும், வெட்டுக்கும் உதவும்.

விலை இனி எப்படிப் போகும்? 2023-ல் மழைக்காடுகளைக் காப்பதாகச் சொல்லி விற்ற கிரெடிட்டுகள் பலவற்றில் சரக்கே இல்லை என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதியபின், வாங்குகிறவர்கள் உஷாராகிவிட்டார்கள். அது நமக்கு நல்லது. எண்ணிக் காட்டக்கூடிய மரம், பெயர் தெரிந்த சம்சாரி, சர்வே எண்ணோடு பதிந்த நிலம் என்று வந்தால் அதற்கு மதிப்பு கூடும். நம் நாட்டுக்குள்ளேயே கார்பன் சந்தை அமைக்க 2023-ல் மத்திய அரசு திட்டம் அறிவித்துவிட்டது. 2024 ஜனவரியில் வேளாண் அமைச்சகம் சிறு விவசாயிகளைத் தன்னார்வக் கார்பன் சந்தைக்குக் கொண்டுவருவதற்கான வழிமுறையையும் வெளியிட்டது. கதவு திறந்துகொண்டிருக்கிறது. முதலில் உள்ளே போகிற குழு போடும் ஒப்பந்தம்தான் பிறகு மற்ற ஊர்களுக்கும் மாதிரியாகும். மோசமான ஒப்பந்தமானாலும் அப்படித்தான், ஆகவே அவசரப்படாதீர்கள்.

இந்த மடலைப் படித்ததும் நீங்கள் செய்யக்கூடியவை அதிகமில்லை. உங்கள் ஊரில் மரம் வைக்கத் தோதான வரப்பும் தரிசும் எத்தனை ஏக்கர் என்று சர்வே எண் வாரியாக எழுதுங்கள். யார் பெயரில் பட்டா, உழுவது யார் என்று பக்கத்திலேயே குறியுங்கள். கிள்ளிக்குளம் வேளாண்மைக் கல்லூரி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே கேட்டு, சுற்றளவு எடுக்க ஊருக்கு இரண்டு பிள்ளைகளைப் பழக்குங்கள், அதில் ஒருத்தி பெண்ணாக இருக்கட்டும். கம்பெனிக்காரர் யாராவது வந்தால், ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். அக்டோபர் 2-ஆம் தேதிக் கிராமசபையில் அதை வரிவரியாகச் சத்தமாகப் படிக்கவையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பேச்சு முடிந்தால் இந்த வருஷமே நடலாம். முடியாவிட்டால் அரசுக் கன்றை வாங்கி நட்டுவிட்டு, நட்ட தேதியையும் எண்ணிக்கையையும் படத்தோடு பதிந்துவைத்துக்கொள்ளுங்கள், கார்பன் பேச்சை அடுத்த வருஷம் தொடரலாம். ஆனால் கம்பெனி வருமுன்னே நட்ட மரத்தைக் கணக்கில் சேர்ப்பார்களா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும், அதையும் மறக்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
தாமிரபரணிக் கரையிலிருந்து உங்களில் ஒருவன்